பாரிஸிலிருந்து பிரகதி ஸ்டூடியோ வரை: ஒரு சந்தேகப் புருஷனின் 282 வருஷப் பயணம்

பம்பாய்த் தமிழர்களாகிய நமக்கும் மராத்தி மேடைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்சு வந்தால், உடனே தஞ்சாவூர் மராட்டிய அரசர்களை இழுப்பது வழக்கம். அது சரிதான். தஞ்சை அரண்மனையில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலேயே மராத்தியில் நாடகம் எழுதினார்கள். ஆனால் அந்த உறவு சரபோஜியோடு முடிந்துவிடவில்லை. 1942-இல், யுத்தத்தின் நடுவே, ஏ.வி. மெய்யப்பன் தயாரித்து சுந்தரராவ் நட்கர்ணி இயக்கிய 'என் மனைவி' என்ற தமிழ்ப் பேசும்படம், கோவிந்த் பல்லாள் தேவல் எழுதிய 'சங்கீத சம்சய கல்லோள்' என்ற மராத்தி நாடகத்திலிருந்து வந்தது. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது. பயணம் புனேயில் தொடங்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

தலைப்பை முதலில் பார்ப்போம். 'சம்சயம்' நமக்குத் தெரிந்த சொல்லே. நம் பாட்டிமார் "எனக்கு ஒரு சம்சயம்டா" என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். 'கல்லோளம்' என்றால் பெரிய அலை. தமிழில் தனியாக வழங்காவிட்டாலும் 'அல்லோலகல்லோலம்' என்று நாம் சொல்லும்போது அந்த அலை நம் வாயிலும் அடித்துவிட்டுத்தான் போகிறது. ஆகவே, 'சந்தேகக் கொந்தளிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மூலம். 1660-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி, பாரிஸில், மோலியேர் ஒரு சிறிய செய்யுள் நாடகத்தை மேடையேற்றினார். ஒரே அங்கம். 'மனைவி தனக்குத் துரோகம் செய்வதாகக் கற்பனை செய்துகொண்ட கணவன்' என்பது தலைப்பின் பொருள். கணவன் பெயர் ஸ்கானரேல். அந்த வேடத்தை மோலியேரே போட்டார். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் இந்தக் கதையின் எலும்புக்கூட்டில்தான் நிற்கின்றன.

ஸெலி என்ற பெண் லெலி என்ற இளைஞனைக் காதலிக்கிறாள். தகப்பனார் வேறொரு பணக்கார வரனைப் பார்க்கிறார். காதலனின் சிறு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவள் நடுத்தெருவில் மயங்கி விழுகிறாள். அந்த வழியாக வந்த ஸ்கானரேல் அவளைத் தாங்கிப் பிடிக்கிறான். பாவம், நல்ல எண்ணம்தான். ஆனால் அவன் மனைவி மேலே ஜன்னலிலிருந்து பார்த்துவிடுகிறாள்! கீழே ஓடி வருவதற்குள் அவன் அந்தப் பெண்ணை வீட்டில் சேர்க்கப் போய்விடுகிறான். படம் மட்டும் தரையில் கிடக்கிறது. மனைவி அதை எடுத்து, வேலைப்பாட்டைப் பார்த்து வியக்கிறாள். அதில் வாசனை வேறு வீசுகிறது, முகர்ந்து பார்க்கிறாள். திரும்பி வந்த கணவன் கண்ணுக்கு அவள் யாரோ ஒரு வாலிபனின் படத்தை முத்தமிடுவதாகத் தெரிகிறது. படத்தைப் பிடுங்குகிறான். அந்த நேரத்தில் ஊர் திரும்பும் காதலன் லெலி தன் படத்தை இவன் கையில் பார்க்கிறான். "இது ஏது?" "என் பெண்டாட்டியிடமிருந்து எடுத்தது." போதாதா? தன் காதலி இவனைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள் என்று லெலி முடிவு கட்டுகிறான்.

நான்கு பேர், ஒரு படம். ஒவ்வொருவரும் பார்த்தது உண்மை, புரிந்துகொண்டது பொய். கடைசியில் முடிச்சை அவிழ்ப்பவள் ஒரு வேலைக்காரி. அவள் செய்வதெல்லாம் நால்வரையும் நிற்க வைத்து, ஒவ்வொருவராகக் கேள்வி கேட்பதுதான். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை மோலியேர் ஒரு வேலைக்காரியின் கையில் கொடுத்தார்.

லண்டனுக்கு வருவோம். அயர்லாந்தில் பிறந்த ஆர்தர் மர்ஃபி, பிற்பாடு வக்கீல் ஆனவர், 1761-இல் இதை ஐந்து அங்க நாடகமாக நீட்டி ட்ரூரி லேன் அரங்கில் போட்டார். தலைப்பு, 'எல்லோருமே தப்பு' என்ற பொருளில். ஒரு ஜோடிச் சந்தேகம் போதாதென்று காதலர் ஜோடிகளையும் சந்தேகப்பட வைத்தார். முக்கியமான மாற்றம், கணவன் எவ்வளவு சந்தேகப்படுகிறானோ அவ்வளவுக்கு மனைவியும் சந்தேகப்படுகிறாள். மோலியேரிடம் விதையாக இருந்தது இவரிடம் மரமாயிற்று. சர் ஜான் ரெஸ்ட்லெஸ் என்று கணவனுக்குப் பெயர், அதாவது 'நிலைகொள்ளாதவர்'.

இந்த ஆங்கில நாடகம்தான் தேவல் கைக்கு வந்தது.

கோவிந்த் பல்லாள் தேவல் 1855-இல் சாங்லிக்கு அருகே ஹரிபூரில் பிறந்தவர். 1880-இல் 'சாகுந்தல'த்தைப் பாட்டு நாடகமாக்கி மராத்தி சங்கீத நாடகத்துக்கு வழி திறந்த அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் சீடர். தேவலின் நாடகங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு மனிதர் ஒரே விஷயத்தை விடாமல் சுற்றிச் சுற்றி வருவது தெரியும். 1890-இல் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை 'ஜுஞ்சார்ராவ்' என்று மராத்தியாக்கினார். சந்தேகத்தால் மனைவியைக் கொல்லும் கணவன். 1893-இல் மர்ஃபியின் நாடகத்தை 'பால்குணராவ், அல்லது தஸ்பீர்க் குழப்பம்' என்று உரைநடை நாடகமாக்கினார். அதே சந்தேகம், இம்முறை சிரிப்பு. 1899-இல் 'சாரதா', கிழவர் சிறுமியை மணக்கத் துடிக்கும் கதை. அந்தக் காலத்தில் அது சமூகச் சீர்திருத்த நாடகம். இதில் 1890-க்கும் 1893-க்கும் இடையிலான மூன்று வருஷம்தான் என்னை உறுத்துவது. கையில் கைக்குட்டை ஒன்று, கையில் படம் ஒன்று. ஒன்றில் கொலை, மற்றொன்றில் கும்மாளம். இரண்டையும் ஒரே பேனா எழுதியது என்றால், சிரிப்புக்கும் கொலைக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய சுவர் இருக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

பெயர் வைத்த விதத்தைச் சொல்லாமல் போனால் பாவம். மர்ஃபியின் குணப்பெயர்களை தேவல் மொழிபெயர்க்கவில்லை. பஞ்சாங்கத்தைத் திறந்தார்! கணவர் பால்குணராவ், மனைவி கிருத்திகா, காதலன் அஸ்வின்சேட், காதலி ரேவதி, வேலையாள் பாதவ்யா, ஒரு வைசாகசேட், ஒரு ரோகிணி, ஒரு மகா. எல்லாம் மாதமும் நட்சத்திரமும். நம் கணக்கில் பங்குனியார், கார்த்திகையம்மாள், ஐப்பசிச் செட்டியார் என்று வரும். மராத்தி வருஷம் சித்திரையில் தொடங்கிப் பால்குணத்தில் முடிகிறது. வயது முதிர்ந்த கணவனுக்கு வருஷத்தின் கடைசி மாதத்தின் பெயர் வாய்த்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு மாற்றம் வெறும் வேடிக்கை அல்ல. மோலியேரிலும் மர்ஃபியிலும் காதலி குடும்பப் பெண். தேவலின் ரேவதியோ ஆடல் பாடல் குலத்தில் பிறந்தவள், மகா நாயகியின் வீட்டுப் பெண். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அஸ்வின்சேட்டின் உறுதி. அவளிடம் போக வேண்டும் என்பதல்ல, மணக்க வேண்டும் என்பது. அவள் மீது அவனுக்குச் சந்தேகம் வரும்போது, "இந்தக் குலத்துப் பெண் வேறு எப்படி இருப்பாள்" என்ற ஊர்வாயும் கூடவே நுழைகிறது. நாடகம் அந்த ஊர்வாயைத் தோற்கடிக்கிறது. ரேவதி நிரபராதி, கல்யாணம் நடக்கும். சிரிக்க வைத்துக்கொண்டே தேவல் சொல்லிவிட்ட பெரிய விஷயம் இது. தேவதாசி முறைக்கு எதிராக பம்பாயில் 1934-இலும் சென்னையில் 1947-இலும் சட்டம் வந்தது என்பதை நினைத்தால் அவர் எவ்வளவு முன்னே நடந்தார் என்பது புரியும்.

தேவல் 1916 ஜூனில் காலமானார். அதே வருஷம் பாட்டுகள் சேர்ந்த 'சங்கீத சம்சய கல்லோள்' வடிவத்தை கந்தர்வ நாடக மண்டலி மேடையேற்றியது. ரேவதியாகப் பால கந்தர்வர், பால்குணராவாக கண்பத்ராவ் போடஸ். அன்று முதல் இன்று வரை மராத்தியர் இதை விடவில்லை. 2010-களில்கூட பிரசாந்த் தாம்ளே பால்குணராவாகவும் ராகுல் தேஷ்பாண்டே அஸ்வின்சேட்டாகவும் நடித்துப் புதுத் தலைமுறையை உட்கார வைத்தார்கள்.

எங்கள் கட்டிடத்தில் ஒரு மராத்தி மூதாட்டி இருந்தார். நாங்கள் எல்லோரும் 'காகு' என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் என்னை முதன்முதலில் தாதர் சிவாஜி மந்திருக்கு இந்த நாடகத்துக்கு அழைத்துப் போனார். பிற்பாடு ஒரு நாள் "காகு, இது எங்க தமிழ்ல சினிமாவா வந்திருக்கு, 1942-லேயே" என்றேன். "பால்குணராவ் மெட்ராஸுக்கும் போனாரா? அங்கேயும் கிருத்திகா சும்மா விட்டிருக்க மாட்டாளே!" என்றார். அவருக்குக் கிருத்திகாதான் நாடகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேசும்படம். 1931 மார்ச்சில் 'ஆலம் ஆரா', அக்டோபரில் 'காளிதாஸ்'. இரண்டும் இதே பம்பாயில் அர்தேஷிர் இரானி தயாரித்தவை. முதல் சில வருஷங்கள் தமிழ்ப் படம் எடுக்க பம்பாய், கோல்காப்பூர், புனே, கல்கத்தா என்று ரயிலேற வேண்டியிருந்தது. பிரபாத் நிறுவனமே 'சீதா கல்யாணம்' (1934) என்று தமிழில் எடுத்தது. அந்த நாள் படங்கள் பெரும்பாலும் மேடை நாடகத்தை அப்படியே காமிரா முன் நிறுத்தியவை. புராணம், பாட்டு, மறுபடி பாட்டு. 'பவளக்கொடி'யில் (1934) ஏறக்குறைய ஐம்பது பாட்டுகள்!

மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்று கணக்குப் பார்த்துப் பழகிய காது அது. 'நந்தகுமார்' (1938) படத்தில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று குரலைப் பிரித்துப் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தார். 1941-இல் பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகமான 'சபாபதி'யை எடுத்தார். ஏ.டி. கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து இயக்கியதும் அவரே. எஜமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும். "சோடா உடைச்சிக் கொண்டு வா" என்றால் பாட்டிலையே உடைத்துக் கொண்டுவருகிற வேலைக்காரனை இன்றும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை, ஒரு வீட்டுக்குள் நடக்கும் சிரிப்புக்கு ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்பது அதில் நிரூபணமாயிற்று. 'என் மனைவி' அதற்கு அடுத்த படி.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்ததும் சென்னையே காலியாயிற்று. தட்டுமுட்டுச் சாமான்களோடு ஜனங்கள் ரயிலேறிய நாட்கள். படச்சுருள் கப்பலில் வர வேண்டும், தட்டுப்பாடு. யுத்தம் முற்றியபோது 11,000 அடிக்கு மேல் படம் கூடாது என்று சர்க்காரே உத்தரவு போட்டது. அப்படிப்பட்ட வேளையில் இரண்டு வீடு, ஒரு தெரு, ஒரு சந்தேகம் என்று முடிந்துவிடும் கதை தயாரிப்பாளருக்கு வரப்பிரசாதம். இயக்குநர் நட்கர்ணி மங்களூர்க்காரர், பம்பாய் மௌனப்பட நாட்களில் தொழில் பழகியவர். மராத்தி மேடைக்கு அயலார் அல்ல. இசை ஆர். சுதர்சனம். நடிப்பில் கே. சாரங்கபாணி, கே.ஆர். செல்லம், ஆர். பத்மா முதலியோர். சாரங்கபாணி மேடையில் ஊறியவர். குரலை உயர்த்தாமல் சிரிக்க வைக்கத் தெரிந்த நடிகர் என்பது என் கட்சி.

இந்த மாதிரி நாடகத்தைப் படமாக்குவதில் என்ன சிக்கல்? மேடையில் பால்குணராவ் சபையைப் பார்த்துத் திரும்பி, "பார்த்தீர்களா இவள் லட்சணத்தை!" என்பான். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு அது கேட்காது. ஐந்நூறு பேருக்குக் கேட்கும். இந்த ஒப்பந்தத்தில்தான் சந்தேக நாடகத்தின் பாதி உயிர் இருக்கிறது. மைக் வைத்த பேசும்படத்தில் அதே ஆள் காமிராவைப் பார்த்துப் பேசினால், பக்கத்தில் இருப்பவளுக்குக் காது கேட்காதா என்று தோன்றிவிடும். ஆகவே அந்த வசனம் போய், அந்த இடத்தில் முகம் வர வேண்டும். ஒரு நெருக்கக் காட்சியில் புருவம் ஒன்று உயர்ந்தால் போதும்.

படம் விஷயத்தில் நேர்மாறு. கடைசி வரிசைக்காரருக்குக் கையகல தஸ்பீர் எப்படித் தெரியும்? அதனால் மேடையில் அதை வாயால் வர்ணிக்க வேண்டும். யார் படம், எப்படி இருக்கிறான், எவ்வளவு அழகு என்று. காமிராவோ கிட்டே போய்க் காட்டிவிட்டுப் போய்விடும். ஜன்னலும் அப்படியே. மேடையில் மேலே மனைவி, கீழே கணவன், இரண்டும் ஒரே சமயத்தில் நம் கண்ணில் படும். 'ஐயோ, பார்க்கிறாளே' என்று நாமே துடிப்போம். சினிமாவில் அவள் பார்வை ஒரு காட்சி, அவள் கண்டது ஒரு காட்சி என்று வெட்டி ஒட்டலாம். அப்போது நாமே அவள் கண்ணால் பார்க்கிறோம். ஒரு கணம் நாமே சந்தேகப்படுகிறோம். சினிமா இந்தக் கதைக்குக் கொடுத்த புது ஆயுதம் இதுதான் என்பேன்.

பாட்டு? சங்கீத நாடகத்தில் 'வன்ஸ்மோர்' கேட்டால் பால கந்தர்வர் மறுபடி பாடுவார். இரவு நீண்டுகொண்டே போகும். படச்சுருளுக்கு வன்ஸ்மோர் கிடையாது. சிரிப்புக்கும் இதே கதி. மேடை நடிகன் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அடுத்த வசனத்தை எடுப்பான். சினிமாவில் எங்கே எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து வெட்ட வேண்டும். ஊகம் தப்பினால், சிரிப்புச் சத்தத்தில் அடுத்த நகைச்சுவை அமுங்கிப்போகும்.

பெண் வேடத்தையும் சொல்ல வேண்டும். 1916-இல் மேடையில் ரேவதி ஓர் ஆண். மேடை வெளிச்சத்தில், தூரத்தில், அது ஓர் அழகு. அருகே போகும் காமிராவில் அது எடுபடவில்லை. பால கந்தர்வர் பிரபாத்தின் 'தர்மாத்மா'வில் (1935) ஏகநாதராக, ஆண் வேடத்தில் நடித்தார். பிறகு தம் மேடை மீராவை 1937-இல் படமாக்கிப் பார்த்தார்; ஓடவில்லை. 'என் மனைவி'யில் மனைவியாக நடித்தவர் பெண். சந்தேகப்படும் மனைவியின் கோபம் ஒரு பெண்ணின் குரலிலேயே வந்தது என்பது சின்ன விஷயம் அல்ல.

இங்கேதான் தலைப்புக்குத் திரும்புகிறேன். மோலியேரின் தலைப்பில் கணவன் இருக்கிறான். மர்ஃபியின் தலைப்பில் எல்லோரும். தேவலின் முதல் தலைப்பில் மறுபடி கணவனும் படமும். இரண்டாவதில் யாரும் இல்லை, சந்தேகம் மட்டும். தமிழில் 'என் மனைவி'. யார் சொல்லும் சொல் அது? கணவன். எங்கள் காகுவின் கிருத்திகா தன் கண்ணால் பார்த்து, தானாகச் சந்தேகப்பட்டு, புருஷனைக் கேள்வி கேட்டவள். தமிழ்த் தலைப்பில் அவள் ஒருவனுடைய உடைமையாகத் திரும்பி வருகிறாள். வியாபாரத்துக்கு நல்ல தலைப்பு, சந்தேகமில்லை. சுவரொட்டியைப் பார்த்தவுடன் பாதி ஊர் சிரித்திருக்கும். எனக்கென்னவோ மர்ஃபியின் நியாயம் பிடித்திருக்கிறது.

அந்தத் தலைப்பில் காலத்தின் சட்டமும் ஒளிந்திருக்கிறது. 1942-இல் நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு விவாகரத்து என்ற வாசலே கிடையாது. பம்பாய் மாகாணத்தில் இந்துக்களுக்கு அது 1947-இல் வந்தது, சென்னையில் 1949-இல், நாடு முழுமைக்கும் 1955-இல். ஆகவே சந்தேகப்படும் தம்பதி கடைசிக் காட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் போக இடம் இல்லை. பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பெண்கள் வீட்டுக்குப் போய், படத்தில் அவிழ்ந்த முடிச்சு தங்கள் வீட்டில் அவிழாமல் கிடப்பதைக் கண்டிருப்பார்கள்! விசாரித்துக் கேட்க அவர்களுக்கு ஒரு வேலைக்காரி இல்லை.

நட்கர்ணி இரண்டு வருஷம் கழித்து 'ஹரிதாஸ்' எடுத்தார். 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். பாகவதரும் டி.ஆர். ராஜகுமாரியும். அதில் ராஜகுமாரிக்கு தாசி ரம்பா வேடம். குடும்பத்தைக் குலைக்க வருகிறவள். மராத்தி மேடையில் தாலிக்குத் தகுதியானவள் என்று தேவல் நிறுத்திய ரேவதியையும், தமிழ்த் திரையில் கொட்டகை கொட்டகையாக ஓடிய ரம்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் நினைவில் நின்றது ரம்பாதான். ரேவதியைப் பார்க்க வேண்டுமானால் இன்றும் மராத்தி நாடகத்துக்குத்தான் டிக்கெட் வாங்க வேண்டும்.